எழுப்பாமல் விட்ட இரவு

பாகூர்
11-1-1961

நரம்பையில் இருக்கும் குழந்தைவேலுக்குத் தனக்கொடி எழுதுவது.

நேற்று உங்களோடு கடலுக்கு வருகிற சின்னப்பிள்ளை வந்து அக்கா வீட்டு வாசலில் ஒரு கூடையை வைத்துவிட்டு, "அண்ணன் குடுக்கச் சொன்னாரு" என்றான். "வேற இன்னாடா சொன்னாரு?" என்று எல்லம்மாள் அக்கா கேட்டாள். "வேற ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஐப்பசியில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டை விட்டு வந்தேன். பொங்கல் வரப்போகிறது. இத்தனை நாளில் கட்டின புருஷனிடமிருந்து வந்தது ஒரு கூடை காரப்பொடி மீன்.

அக்கா குழம்பு வைத்தாள். நானும் சாப்பிட்டேன். அதனால் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இந்த மார்ச்சில் மறுபடியும் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறேன். மனுப் போட்டாயிற்று. போன தடவை மாதிரியே கடலூரில்தான் பரீட்சை. இது ஏன் என்று ஊரில் கேட்டால் நீங்களே சொல்லுங்கள். அப்பா பிரெஞ்சுக்காரர்களின் மேரி ஆபீசில் சேவகனாக இருந்த காலத்தில் என்னைப் பிரெஞ்சில் படிக்கவைத்து செர்த்திபிக்கா என்கிற பள்ளிச் சான்றிதழ் வாங்கவைத்தார். வெள்ளைக்காரன் போன பிறகு அதை யாரும் வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை. இப்போது எஸ்.எஸ்.எல்.சி. இருந்தால்தான் டீச்சர் டிரெயினிங். நரம்பைக்குப் பள்ளிக்கூடம் வரப்போகிறது, நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னவர் நீங்கள். மறந்திருக்கலாம்.

இங்கிலீஷ் இலக்கணப் புத்தகமும் தேசப்படப் புத்தகமும் அங்கே தகரப் பெட்டியில் இருக்கின்றன. அனுப்பிவைக்கவும்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று நினைத்தேன். பாகூரில் சுற்றிலும் நெல்தான். கடல் சத்தம் கேட்காது. ஆனாலும் விடியுமுன் கட்டுமரங்கள் கரைக்குத் திரும்புகிற நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. காது தானாகத் திறந்துகொள்கிறது. அப்புறம் தூக்கம் கிடையாது. பகலில் புத்தகத்தைப் பிரித்தால் கண் சொருகுகிறது.

தனக்கொடி


நரம்பை
19-1-1961

தனக்கொடிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தாதே.

இரண்டு புத்தகமும் சின்னப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். தேசப்படத்தில் ஒரு மூலையைக் கரையான் தின்றுவிட்டது. அம்மா வெயிலில் வைத்துத் தட்டிக் கொடுத்தாள்.

எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. பள்ளிக்கூடமும் மறக்கவில்லை, அந்த ராத்திரியும் மறக்கவில்லை. நீ எழுதச் சொன்னது போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

போன பங்குனியில் நானும் சின்னப்பிள்ளையும் சாயங்காலம் மரம் தள்ளினோம். மறுநாள் உனக்குப் பரீட்சை. நீ அப்போதே பாயை விரித்துவிட்டாய். ராத்திரி கச்சான் எடுத்தது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, மரத்தை உள்ளே தள்ளிக்கொண்டே போனது. மற்ற மரங்கள் எல்லாம் முன்னாடியே திரும்பிவிட்டன. எங்களுக்கு ஒரு துடுப்பு உடைந்துவிட்டது. மிஞ்சின ஒன்றை மாற்றி மாற்றிப் போட்டோம். சின்னப்பிள்ளை படுத்துவிட்டான், அவனுக்கு வாந்தி. தூரத்தில் கரையில் வெளிச்சங்கள் தெரிந்தன. பந்தம் கொளுத்தி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று உன் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் துடுப்பு போட்டேன். எந்த வெளிச்சம் நீ என்றுகூடத் தீர்மானம் பண்ணிவைத்திருந்தேன்.

விடிந்து கரை ஏறினோம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஊரே நின்றது. நீ இல்லை. உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்து ஓடிவந்தேன். நீ கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நல்லா தூங்கினேன் மாமா, ஒரு கனாகூட இல்ல" என்றாய்.

அதற்கப்புறம் நான் சொன்னது தப்புதான். "நான் பொணமா வந்திருந்தாலும் நீ தூங்கிக்கினுதான் இருந்திருப்ப" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எந்தப் புருஷன் சொல்லாமல் இருப்பான், நீயே சொல்லு.

குழந்தைவேல்


பாகூர்
27-1-1961

குழந்தைவேலுக்கு,

வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை. பத்து மாதம் ஆகிறது. இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் நான் அன்றைக்கே சொன்னேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று. நீங்கள் கேட்கவில்லை. "ஊரே கத்துச்சு, உன் காதுல பஞ்சா வெச்சிருந்த?" என்றீர்கள். நரம்பையில் காற்றடிப்பது ஒரு செய்தியா? தினமும் அடிக்கிற காற்றுக்கு யார் எழுந்து உட்காருவார்கள்? முதல் பஸ்ஸைப் பிடிக்கக் கிருமாம்பாக்கம் வரை நடக்க வேண்டும், நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் கணக்கு ஓடும் என்று பொழுது சாய்ந்ததும் படுத்தேன். அப்படிப் படுக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

யார் வந்து என்னை எழுப்பினார்கள்? விசாரித்துச் சொல்லுங்கள். நம் தெருவில் ஒரு ஆடு குட்டி போட்டால் பத்துப் பேர் வீட்டுக்குள் வந்து சொல்கிறார்கள். அன்றைக்கு ஒருவரும் கதவைத் தள்ளவில்லை. ஏன் என்று படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். கடலை விட்டு மேரிக்குப் போனவன் மகள், புத்தகம் படிக்கிற திமிர் பிடித்தவள், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்களா? அப்புறம் அவர்களே, "புருஷன் கடல்ல, பொண்டாட்டி பாயில" என்று தண்ணீர்த்துறையில் பேசினார்கள். குப்பு அக்கா என் காதுபடவே பேசினாள். நீங்கள் ஒரு நாளும் அவளை ஏன் என்று கேட்கவில்லை. அதனால்தான் பெட்டியைத் தூக்கினேன்.

நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்ன கையோடு நான் பரீட்சைக்குப் போனேன். நன்றாகத் தூங்கின உடம்பு. கண்ணில் எரிச்சல் இல்லை, தலையில் பாரம் இல்லை. கணக்குத் தாளைப் பார்த்தால் ஒரு எழுத்துகூட உள்ளே போகவில்லை. பேரை எழுதினேன், நம்பரை எழுதினேன், கொடுத்துவிட்டு வந்தேன்.

விசாரியுங்கள்.

தனக்கொடி


நரம்பை
5-2-1961

தனக்கொடிக்கு,

விசாரித்தேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

அம்மா கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். "அன்னிக்கி ராத்திரி தனக்கொடிய யாருமே ஏன் எழுப்பல?" என்று கேட்டேன். தலை நிமிராமல், "நான்தான் எழுப்பல" என்றாள்.

"நீ ஏம்மா?"

"குப்பு வந்தா. எழுப்புடி அவளன்னு கதவுல கை வெச்சா. தொடாத, தூங்கட்டும், காலைல பரிட்சைன்னு சொல்லி கதவைச் சாத்திட்டு வாசல்ல குந்திக்கினேன். விடியற வரைக்கும் அங்கயேதான் இருந்தேன். மரம் வந்துட்டுதுன்னு சத்தம் கேட்டப்புறம்தான் எழுந்து கொல்லப்பக்கம் போனேன்."

அவளும் கரைக்கு வரவில்லை என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. உன்னைத் தேடினேனே தவிர அவளைத் தேடவில்லை.

"புள்ள கடல்ல கெடக்கறான், உனக்குப் பரிட்சையா முக்கியம்?" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "உங்கப்பன் வராத ராத்திரி நான் விடிய விடிய நின்னேன். மறுநாளும் நின்னேன். நின்னதால வந்தானா? அவ வந்து நின்னா மட்டும் கடல் கேக்குமா? நீயும் வராம போயிட்டா நாளைக்கி அவ இன்னா பண்ணுவா? என்ன மாதிரி கூடை தூக்கிக்கினு ஊர் ஊராப் போவணுமா? அவ கையில ஒரு வேலை இருக்கட்டும்னு நெனச்சேன். நீ வந்தா சந்தோசம். வரலன்னா அதான் அவளுக்குச் சோறு."

தனம், நான் அந்தப் பக்கம் செத்துக்கொண்டிருந்தேன். என் அம்மா இந்தப் பக்கம் நான் போய்விட்டால் உனக்கு என்ன வழி என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குக் கோபப்படுவதா என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றேன். "நீ அன்னிக்கி இருந்த இருப்புக்குச் சொல்ல பயமா இருந்துது. அப்புறம் ஊரு பேச ஆரம்பிச்சுது. பெத்தவளே இப்பிடியான்னு என் வாயில மண்ணப் போடுவாங்க. அவ சின்னவ, தாங்கிக்குவான்னு விட்டுட்டேன்" என்றாள்.

நீ பாட்டுக்குத் தூங்கினாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். குப்பு அக்காவிடமும் சொன்னேன்.

வீட்டுக்கு வா.

குழந்தைவேல்


பாகூர்
24-2-1961

மாமாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதிக் கிழித்தேன்.

முதலில் உங்கள்மேல் இருந்த கோபம் எல்லாம் அத்தைமேல் போனது. என்னைத் தூங்கவைக்க அவர் யார்? எழுப்பியிருந்தால் வந்து நின்றிருப்பேன். பரீட்சை போயிருக்கும். பரவாயில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், போயிருக்கும். ஆனால் நானாக விட்டதாக இருந்திருக்கும். நான் பந்தம் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன், நீங்கள் என்னைப் பார்த்துத் துடுப்பு போட்டிருப்பீர்கள். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். அப்புறம் என்னை ஊர் வாயில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். தாங்கிக்கொள்வேனாம்.

அப்புறம் அவர் வாசலில் குந்தியிருந்ததை நினைத்தேன். உள்ளே நான் குறட்டை விடுகிறேன், வெளியே அவர் தனியாக. மகன் வருவானா வரமாட்டானா என்று போய்ப் பார்க்கக்கூட முடியாமல் கதவைக் காத்துக்கொண்டு. இதை நினைத்தால் கோபமும் நிற்கவில்லை. ஒன்றும் நிற்கவில்லை.

இப்போது வர மாட்டேன். பரீட்சை முடியட்டும்.

தூக்கம் முன்னைவிட மோசம். முன்னே விடியலில்தான் விழிப்பு வரும். இப்போது படுத்ததிலிருந்தே கண் மூடுவதில்லை. அன்றைக்குத் தூங்கின தூக்கம் மாதிரி இனி வரவே வராது என்று தோன்றுகிறது. அக்கா கசகசாவைப் பாலில் அரைத்துக் கொடுத்தாள். வயிறுதான் நிறைந்தது. என்னோடு படிக்கிற ரஹீமா இருக்கிறாளே, மளிகைக் கடை கௌஸ் பாஷா மகள், அவளும் இந்தத் தடவை எழுதுகிறாள். நோன்பு நேரம், விடியுமுன் சாப்பிட எழுந்திருக்கிறாள், மறுபடி தலையைச் சாய்த்ததும் தூங்கிவிடுகிறாளாம். "எப்பிடிடி?" என்று கேட்டேன். "கண்ணை மூடுவேன் புள்ள, அவ்வளவுதான்" என்றாள். அடிக்கலாம் போல இருந்தது. கடலூரில் அவளுடைய பெரியம்மா வீட்டில்தான் இருவரும் தங்கப் போகிறோம்.

தூங்காமல் போனால் இந்தத் தடவை தாளில் எழுத்து கண்முன்னே நகருமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பயத்திலேயே தூக்கம் போகிறது.

தனக்கொடி


நரம்பை
6-3-1961

தனத்துக்கு,

ஒரு யோசனை செய்திருக்கிறேன். பரீட்சை நடக்கிற அத்தனை நாளும் நான் கடலுக்குப் போகப் போவதில்லை. மரத்தை மேட்டில் ஏற்றிக் கட்டைகளைப் பிரித்துக் காயப்போட்டுவிடுகிறேன். சின்னப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், அவன் வேறு மரத்தில் போய்க்கொள்வான். நான் பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்திருப்பேன். நீ எந்த நேரத்தில் விழித்து நினைத்தாலும் நான் பாயில்தான் இருப்பேன். ஆகையால் நீ தைரியமாகத் தூங்கு.

அம்மாவுக்கும் இதுதான் சரியென்று படுகிறது. அவள் உனக்குச் சொல்லச் சொன்னது ஒன்றும் இல்லை. ஆனால் நான் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

குழந்தைவேல்


பாகூர்
14-3-1961

மாமாவுக்கு,

வேண்டாம். தயவுசெய்து மரத்தை அவிழ்க்காதீர்கள்.

உங்கள் மனசு புரிகிறது. படித்ததும் அழுதேன், அக்காகூட என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். ஆனால் யோசித்துப் பார்த்தேன். பங்குனியில்தான் மீன் கிடைக்கும். எல்லாரும் கடலில் இருக்கும்போது நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டு நான் இங்கே கூரையைப் பார்த்துப் படுத்திருப்பேன். இரண்டு பேரும் தூங்க மாட்டோம்.

அதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது. டிரெயினிங் முடித்து வேலைக்குப் போனால் தினமும் காலையில் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். தினமும் ராத்திரி நீங்கள் கடலில் இருப்பீர்கள். வருஷம் பூராவும் மரத்தைக் காயப்போட முடியுமா? போன தடவை ஒன்றும் தெரியாமல் தூங்கினேன். தெரியாமல் தூங்குகிறவள் குழந்தை. இந்தத் தடவை தெரிந்தே தூங்க வேண்டும். முடியாவிட்டால் தூங்காமலேயே எழுத வேண்டும். எது என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் இரண்டில் ஒன்றை நான் பழகியாக வேண்டும்.

நீங்கள் கடலுக்குப் போங்கள். போகிறேன் என்று எனக்கு எழுதுங்கள். என்னிடம் மறைக்காதீர்கள். அது மட்டும்தான் கேட்கிறேன்.

அத்தை பக்கத்தில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தனக்கொடி


நரம்பை
20-3-1961

தனத்துக்கு,

போகிறேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரியும் போகிறேன். புதுத் துடுப்பு இரண்டு செய்து வாங்கியிருக்கிறேன்.

படித்துக் காட்டினேன். "தெரிஞ்சிக்கினே தூங்கறதா? எனக்கு இத்தினி வருசத்துல வரல. அவளுக்கு வந்தா எனக்கும் சொல்லச் சொல்லு" என்றாள் அம்மா.

நன்றாக எழுது.

குழந்தைவேல்


கடலூர் முதுநகர்
29-3-1961

மாமாவுக்கு,

இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கடல் கூப்பிடு தூரம். படுத்தால் அலைச் சத்தம் தலைமாட்டில் கேட்கிறது. ரஹீமா வழக்கம்போலக் கண்ணை மூடினாள், அவ்வளவுதான்.

முதல் ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க இரண்டு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போனேன். ரஹீமாவின் பெரியம்மா எழுந்து வந்து, "இன்னாம்மா, வயிறு சரியில்லையா?" என்று கேட்டார்கள். "எங்க வூட்டுக்காரரு கடல்ல இருக்காரு" என்றேன். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

காலையில் கண் இரண்டும் மண் விழுந்த மாதிரி. தமிழ்த் தாள். முதல் கேள்வியை மூன்று தடவை படித்தேன். எழுத்து நகர்ந்தது. நகர்ந்தால் நகரட்டும் என்று விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு படித்தேன். அப்புறம் எழுத ஆரம்பித்தேன். மணி அடிக்கும் வரைக்கும் எழுதினேன். மதியத்துக்கு இன்னொரு தாள். இடைவேளையில் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டேன். ரஹீமா தோளைப் பிடித்து உலுக்கி, "எழுந்திரு புள்ள, எல்லாரும் உள்ள போறாங்க" என்றாள். அவள் எழுப்பாவிட்டால் அன்றைக்கு அதுவும் போயிருக்கும்.

நேற்று ராத்திரி வேறு மாதிரி. இன்றைக்குக் கணக்கு. நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று முந்தின ராத்திரி பூராவும் மல்லுக்கட்டினேன் இல்லையா, நேற்று மல்லுக்கட்டவில்லை. நினைத்தேன். நீங்கள் மரத்தில் எந்தப் பக்கம் குந்துவீர்கள், சின்னப்பிள்ளை என்ன உளறிக்கொண்டு வருவான், வலையை எப்போது இழுப்பீர்கள், கை எப்படிக் காய்ந்துபோய் எரியும், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது. எப்போது கண் அசந்தது என்று தெரியவில்லை. விடிந்துதான் எழுந்தேன். கனா வந்தது, என்னவென்று ஞாபகமில்லை.

கணக்கு எழுதியிருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் இல்லை. தாளை வெறுமையாகக் கொடுக்கவில்லை.

இன்னும் இரண்டு தாள் இருக்கின்றன. முடிந்ததும் கிருமாம்பாக்கத்தில் வந்து இறங்குகிறேன். பாகூருக்கு அல்ல. பெட்டியைத் தூக்க சின்னப்பிள்ளையை அனுப்ப வேண்டாம், நீங்கள் வாருங்கள்.

உங்கள்
தனம்


நரம்பை
11-6-1961

நாகப்பட்டினத்தில் இருக்கும் மாமாவுக்கு,

நீங்களும் சின்னப்பிள்ளையும் நாகப்பட்டினத்துப் பக்கம் தொழிலுக்குப் போன பிறகு இங்கே வீட்டில் நானும் அத்தையும்தான். பேப்பரில் நம்பர் வந்துவிட்டது. பாஸ். ரஹீமா அவள் வீட்டுக் கடையில் வரும் பேப்பரோடு கிருமாம்பாக்கம் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து வெயிலில் நடந்து வந்து காட்டினாள். அவளும் பாஸ். கணக்கில் நான் எப்படித் தப்பினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆடி பிறக்குமுன் டிரெயினிங்குக்குச் சேர வேண்டும்.

அத்தைக்குச் சொன்னேன். "பரிட்சை இதோட முடிஞ்சுதா?" என்றார். டிரெயினிங்கிலும் பரீட்சை உண்டு என்றேன். "போச்சுடா" என்று மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடி வரைக்கும் அவர் சத்தம் கேட்டது, எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

இன்னொரு சேதி. போன வியாழக்கிழமை அத்தை என்னை உலுக்கி எழுப்பினார். நல்ல தூக்கம். "எழுந்திரு, குப்பு வூட்டுக்காரன் மரம் வரல" என்றார். நான் முகம்கூடக் கழுவவில்லை, ஓடினேன். கரையில் பொம்பளைகள் கூட்டமாக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. குப்பு அக்கா முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்ததில் வளையல் ஒன்று உடைந்தது, அவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன வெளிச்சத்தை அன்றைக்குத்தான் கரையிலிருந்து பார்த்தேன். கையில் பந்தத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு எதிரே ஒன்றுமே தெரியாது மாமா. வெறும் இருட்டு. கடலுக்குள்ளே இருக்கிறவனுக்குத்தான் வெளிச்சம் தெரியும் போல.

மரம் வந்துவிட்டது. எல்லாரும் நலம்.

திரும்பி நடந்து வீட்டுக்கிட்ட வந்த பிறகு அத்தை, "பரிட்சை இருந்திருந்தா எழுப்பியிருக்க மாட்டேன்" என்றார்.

"பரிட்சை இருந்தாலும் எழுப்புங்க அத்த" என்றேன்.

"எழுப்பி?"

"வந்து நிக்கறேன். அப்புறம் போய் எழுதறேன்."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மணி என்னவென்று தெரியாது, தெரு அடங்கிவிட்டது. அத்தை அந்தப் பக்கம் புரண்டு புரண்டு படுக்கிறார். காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது, உங்கள் பக்கத்திலிருந்துதான். இந்த நேரம் நீங்கள் கரையில் இருக்கிறீர்களோ கடலில் இருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. நாளைக் காலையில் தபாலில் போட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறேன்.

உங்கள்
தனம்